கண்மாய் வற்றும் காலத்துப் பூக்கள்

மாசி முடியும்போது எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் மடைமட்டத்துக்குக் கீழே போய்விடும். அப்புறம் வாரத்துக்கு வாரம் கரையோரத்தில் சில அடி தரை வெளியே வந்துகொண்டே இருக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இப்படி வற்றிக்கொண்டிருக்கும் நீர்நிலை ஒன்றாவது கண்ணில் படும். பார்க்கிறவர்கள் ‘இந்த வருஷமும் சீக்கிரமே காஞ்சு போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இறங்கி நடந்தால்தான் தெரியும், வெளியே வந்த அந்த ஈரத்தரை முழுக்கப் பூ. முழங்காலுக்கு மேல் வளராத செடிகள். அவற்றில் பலவும் கணுக்காலைக்கூட எட்டாதவை.

செட்டிநாடு என்றாலே பெரிய வீடுகளையும் சாப்பாட்டையும் பற்றித்தான் எழுதுகிறோம். இந்தச் செம்மண்ணில் படர்ந்து கிடக்கும் செடிகளையும், அவற்றைத் தேடி வருகிற பூச்சிகளையும், ஒரு கோடை மழை பெய்ததும் தலைகாட்டுகிற காளான்களையும் பற்றிப் பேச ஆள் குறைவு. எனக்கு இவைதான் இந்த ஊரிலேயே பெரிய செல்வமாகத் தெரிகின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஏட்டுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். எங்கள் ஊர்ச் செடிகள் அதுவரை காத்திருப்பதில்லை. இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடுகிறது. மண்ணுக்குள் தங்கிய அந்த ஈரம் பங்குனி வரை தாங்கும். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள் பூத்து, காய்த்து, விதை உதிர்த்துவிட வேண்டும். அந்த அவசரம்தான் இங்கே வசந்தம்.

கண்மாய்க்குள் இறங்கினால் செடிகள் ஈரத்தின் வரிசைப்படி நிற்பதைப் பார்க்கலாம். தண்ணீரை ஒட்டிக் கோரை. அதற்கு மேலே, சேறு இறுகத் தொடங்கிய இடத்தில் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலைதான். தண்டு தரையில் ஊர்ந்து போகும்போது கணுவுக்குக் கணு வேர் விட்டு வண்டலைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கொண்டையின் அடியில் ஒரு வளையமாகப் பூக்கத் தொடங்கும். கொண்டை நீள நீள வளையம் மேலே ஏறும். அதனால் ஒரே கொண்டையில் பல நாளைக்குப் பூ இருக்கும். இன்னும் மேட்டில் செருப்படை, சுருங்கிய இலைகளோடு தரையை ஒட்டிப் படிந்து கிடக்கும். அறுப்பு முடிந்த வயலிலும் கண்மாயின் மேட்டு ஓரத்திலும் கொட்டைக்கரந்தை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த உருண்டைப் பூ. மிதித்தால் எழுகிற வாசனை செருப்பை விட்டுப் போக நேரமாகும். அந்த ஒரு உருண்டை ஒரு பூ அல்ல. பல சின்னப் பூக்கொத்துகள் நெருங்கிச் சேர்ந்து உருண்டிருக்கின்றன. ஒரு சாதாரண லென்ஸ் கையில் இருந்தால் போதும், அதற்குள் எத்தனை பூ என்று எண்ண முடியாமல் திகைப்பீர்கள்.

கரைமேல் ஏறினால் வேறு கூட்டம். நெருஞ்சி, மூக்கிரட்டை, தும்பை, விஷ்ணுகிரந்தி, ஆவாரை, எருக்கு. இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது விஷ்ணுகிரந்தி. சரளைக்கல் நிறைந்த மண்ணில், வேறெதுவும் வளர விரும்பாத இடத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப்பூ. காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் மூடிவிடும். மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்று திரும்பியவர்கள் எத்தனையோ பேர். தரைப்பசலையும் இதே ரகம், அது வெயில் ஏறிய பிறகு சில மணி நேரம் மட்டுமே விரியும். நெருஞ்சியின் மஞ்சள் பூ சூரியன் போகிற திசைக்கு முகத்தைத் திருப்பும் என்பதைச் சங்கப் புலவர்களே கவனித்துப் பாடியிருக்கிறார்கள். காலில் குத்துகிற முள்ளுக்காக மட்டும் அந்தச் செடியை நினைவு வைத்திருப்பது நியாயமில்லை. விரல்நகம் அளவே உள்ள ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் புழு நெருஞ்சி இலையைத் தின்றுதான் வளர்கிறது. கரையில் நடக்கும்போது காலடியிலிருந்து எழும்பி, நாலடி தள்ளி மறுபடி உட்காருமே, அந்தப் பூச்சிதான்.

பூச்சி பார்க்கக் காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். நடந்துகொண்டே பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம் நிழல் பூவின்மேல் விழாமல் பார்த்துக்கொண்டு, பத்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். முதலில் ஈக்கள் வரும். அவற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட சில, அப்படியே தேனீ என்று நம்ப வைக்கும். சிறகை எண்ணினால் குட்டு வெளிப்படும். ஈக்கு இரண்டு சிறகு, தேனீக்கு நான்கு. ஈயின் கண்கள் தலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும், உணர்கொம்பு குட்டையாக இருக்கும். பறவைகள் இந்த வேஷத்தில் ஏமாறுகின்றன, அதனால் ஈக்கு உயிர் பிழைக்கிறது.

தேனீ என்றதும் தேன்கூட்டைத்தான் நினைக்கிறோம். பெரிய கட்டடங்களின் உயரத்தில் திறந்தவெளியில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை வைக்கும் அடுக்குத்தேனீ, வேலிச்செடியின் கிளையில் உள்ளங்கை அளவுக்கு அடை கட்டும் கொம்புத்தேனீ, சுவர்ப் பொந்தில் மெழுகுக்குழாய் வாசல் வைத்து வாழும் கொசுத்தேனீ. இந்த நாலும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் உலகில் இருக்கும் தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது, நாம் எடுத்துக்கொள்ளத் தேனும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக ஒரு வளை தோண்டி, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, அறையை மூடிவிட்டுப் போகும். பெரும்பாலும் மண்ணில்தான் வளை.

செட்டிநாட்டில் அந்த வளைகளைப் பார்க்கக் கண்மாய்க்குப் போக வேண்டியதில்லை, தெருவிலேயே பார்க்கலாம். செம்புறாங்கல்லை மண்சாந்து வைத்து அடுக்கிய பழைய மதில்கள் எங்கள் ஊர்களில் இன்னும் நிற்கின்றன. காலை வெயில் படுகிற பக்கத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்தில், பென்சில் கனத்துக்கு வரிசையாக ஓட்டைகள் தெரியும். சற்று நேரம் நின்றால் வயிற்றில் வெளிர்நீலப் பட்டைகள் மின்ன ஒரு தேனீ வந்து, ஓட்டைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, உள்ளே நுழையும். நீலவரித் தேனீ. பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் பல பெண் தேனீக்கள் குடியிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வாசல் தனி. பிடித்து நசுக்கினால் ஒழிய யாரையும் கொட்டாது. தும்பைப் பூவுக்கு அது வருகிற வேகத்தையும் நாக்கை நீட்டுகிற நேர்த்தியையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆண் தேனீக்களுக்கு வளை இல்லை. சாயங்காலம் வேலியோரக் காய்ந்த குச்சி ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடியே தூங்கும். பொழுது சாய்கிற நேரத்தில் காய்ந்த தண்டுகளைக் கவனித்துப் பாருங்கள்.

ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதோடு மறந்துவிடுகிறோம். அந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற தேனீக்கு மகரந்தம் மட்டும்தான் கூலி, அதுவும் லேசில் கிடைக்காது. மகரந்தப் பை நெடுகப் பிளக்காது. நுனியில் சின்ன துளை மட்டும் திறக்கும். தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்க வேண்டும். அப்போது துளை வழியே தூள் பீய்ச்சி அடிக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிடக் கீச்சென்று உயர்ந்த ஒலி அது. ஆவாரம் புதர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் காதுக்கே வித்தியாசம் தெரியும். தேன் தருகிற தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீக்கும், நாம் கருவண்டு என்று சொல்கிற தச்சுத் தேனீக்கும் தெரியும். சித்திரையில் சரக்கொன்றை பூக்கும்போதும் இதே கதை. கொன்றைப் பூவில் நீண்டு வளைந்த கேசரங்கள் மூன்று, குட்டையானவை சில. தேனீ குட்டையானவற்றிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்போதே நீண்டவை அதன் உடம்பில் அடுத்த பூவுக்கான மகரந்தத்தைத் தடவி அனுப்பிவிடும். கத்தரிக்காயும் தக்காளியும்கூட இப்படித் துளை வழியே மகரந்தம் தருகிற செடிகள்தான். முருங்கைப் பூவுக்குத் தச்சுத் தேனீ முக்கியமான விருந்தாளி. அதனால் பந்தல்கால் மூங்கிலில் வட்டமாக ஒரு ஓட்டையும் கீழே கொஞ்சம் மரத்தூளும் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்ற ஓடாதீர்கள். அந்த மூங்கில் போனால் இன்னொரு மூங்கில் வாங்கலாம்.

ஆனி, ஆடி வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போக முடியாது. இலுப்பை மட்டும் ஒரு வார்த்தை. அது இரவில் பூத்து வௌவால்களை அழைக்கும். விடிகாலையில் சதைப்பற்றான பூவிதழ்கள் தரையில் கொட்டிக் கிடக்கும், வாசனை தெரு வரை வரும். வேப்பம்பூ இதற்கு நேர்மாறு. பகலில், சத்தமில்லாமல், சிறு தேனீக்களுக்காக. வருஷப்பிறப்புப் பச்சடிக்கு மரத்தடியில் வேட்டி விரித்துப் பூ சேர்த்து, பனையோலைக் கொட்டானில் அள்ளுகிற வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. உதிர்ந்த பூவைத்தான் அள்ளுகிறோம் என்பதால் தேனீக்கு நஷ்டமில்லை.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். கண்மாயின் மேட்டு ஓரத்தில் ஆடுதீண்டாப்பாளை என்ற கொடி படரும். பெயருக்கேற்ப ஆடு வாய் வைக்காது. இலை கசப்பு, நச்சு. அதன் பூவைக் குனிந்து பார்த்தால் அடியில் வீங்கிய ஒரு குழல், மேலே அடர்ந்த கருஞ்சிவப்பு நாக்கு. வாசனைக்கு மயங்கி உள்ளே போகும் குட்டி ஈக்கள் வெளியே வர முடியாது. குழலுக்குள் இருக்கும் மயிர்கள் உட்பக்கமாகச் சாய்ந்து வழியை மறித்து நிற்கும். ஈ கொண்டுவந்த மகரந்தத்தை முதலில் சூல்முடி வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் பூவின் சொந்த மகரந்தப் பைகள் வெடிக்கும். ஈயின் மேல் தூள் படிந்த பிறகு மயிர்கள் வாடிச் சுருங்கும், கதவு திறக்கும். சாகடிப்பதற்காகப் பிடித்ததல்ல, ஒரு ராத்திரி தங்க வைத்து அனுப்புகிறது.

இந்தக் கொடியின் இலையைத் தின்று வளர்கிற புழுக்கள் இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகளாகின்றன. இரண்டுக்கும் கருஞ்சிறகு, சிவப்பு உடம்பு. செடியின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் மறுமுறை தொடுவதில்லை. அவசரமில்லாமல், நம்மைப் பற்றிக் கவலையே இல்லாமல் பறக்கும்.

சரி, இதற்கும் நம் வீட்டுத் தோட்டத்துக்கும் என்ன? கறிவேப்பிலை மரத்தில் முட்டையிட வருகிற கறிவேப்பிலை அழகியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆண் பூச்சி கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். பெண் பூச்சிகளில் ஒரு சாரார் ஆணைப் போலவே இருக்கும். மற்றவை அப்படியே அந்த நச்சுப் பூச்சிகளின் சிறகு வேஷத்தில் வரும். உடம்பைப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். நச்சுப் பூச்சிக்குச் சிவப்பு, வேஷக்காரிக்குக் கறுப்பு. கறிவேப்பிலையில் நஞ்சில்லை. அந்தப் பூச்சியைக் காப்பாற்றுவது, பறவைகள் வேறெங்கோ நச்சுப் பூச்சியிடம் கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடம் நடக்க வேண்டுமானால் நிஜமான நச்சுப் பூச்சிகள் அக்கம்பக்கத்தில் பறந்துகொண்டிருக்க வேண்டும். அவை பறக்க வேண்டுமானால் கண்மாய் ஓரத்தில் ஆடுதீண்டாப்பாளை இருக்க வேண்டும். ஆடுகூட மேயாத அந்தக் கொடியைச் செதுக்கி எறிந்தால், அடுக்களைக்குப் பின்னால் கறிவேப்பிலை மரத்தில் இருக்கும் பூச்சியின் காப்பும் சேர்ந்து போகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளிலிருந்து ‘வெறும் களை’ என்று எந்தச் செடியையும் என்னால் சொல்ல முடிவதில்லை.

சீமைக்கருவேலத்தை மட்டும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதன் பூவுக்குத் தேனீக்கள் வருவது உண்மை, வறண்ட மாதங்களில் அவற்றுக்கு அது பெரிய தீனி. ஆனால் அதன் அடியில் தரைச்செடிகள் அநேகமாக இல்லாமல் போவதும் கண்ணெதிரே தெரிகிற உண்மை. என் கருத்து, கண்மாய்க்குள் இருப்பதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்த இடத்தில் ஆவாரையும் புங்கையும் வர வழி செய்துவிட்டு எடுக்க வேண்டும். தைலமரக் காடுகளுக்கும் கிட்டத்தட்ட இதே பதில். நிலத்தடித் தண்ணீர் போகிறது என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். அந்தக் காட்டுக்குள் மழைக்குப் பிறகு நடந்தால், மண்கட்டி என்று தாண்டிப் போகத்தக்க ஒரு காளான் கிடைக்கும். உடைத்தால் பழுப்புத் தூளாக உதிரும். தைலமர வேரைப் பின்னிக்கொண்டு, மண்ணிலிருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சி மரத்துக்குக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும் காளான் அது.

காளான் என்றதும் மழைக்காலத்தைத்தான் நினைக்கிறோம். பங்குனிக் காய்ச்சலிலும் காளான் இருக்கிறது, விறகு அடுக்கில் பாருங்கள். மாங்கிளையிலோ பழைய கட்டையிலோ கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெள்ளைச் சாம்பல் நிறத்தில், மேலே பூனைமயிரோடு விசிறி விசிறியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் உள்ள மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து உட்புறம் சுருண்டிருக்கும். வறட்சியில் அது தன்னை மூடிக்கொள்கிற விதம் அது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு மழை நனைத்தால் சில மணி நேரத்தில் மடிப்புகள் விரிந்து மறுபடி ஸ்போர் என்கிற விதைத்தூளை உதிர்க்கத் தொடங்கும். காய்ந்த துண்டு ஒன்றை ஈரத்துணியில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது கிடையாது.

தென்னை மரத்தின் அடித்தூரில் பளபளவென்று வார்னிஷ் அடித்த சிவப்புப் பழுப்புத் தட்டு முளைத்திருந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய காளான் அல்ல. 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கவனிக்கப்பட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற வேரழுகலை உண்டாக்குவது அந்தக் குடும்பம்தான். தட்டு வெளியே தெரியும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும்.

சித்திரை, வைகாசியில் இடியோடு ஒரு மழை கொட்டினால் மறுநாள் சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அப்புறம் ஓரிரு நாளில், அதிர்ஷ்டம் இருந்தால், புற்றுக் காளான். மண்மேட்டுக்குள் கரையான் செய்துகொண்டிருப்பது விவசாயம். சருகையும் மரத்துண்டையும் மென்று கொண்டுவந்து, உள்ளே அறை ஒன்றில் படுக்கை போட்டு, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. கரையானால் தானே செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை பக்குவப்படுத்தித் தருகிறது. இந்தக் கூட்டு தொடங்கி ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் ஏர் பிடித்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்தப் படுக்கையிலிருந்து நீண்ட வேர்க்காம்பு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிப்பதுதான் நாம் பார்க்கும் காளான். கரையான் இல்லாமல் அது விளையாது என்பதால் கடையில் விற்கிற காளான்களைப் போல அதைப் பயிர்செய்ய முடியவில்லை. மஞ்சள் பூசி, பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றுகளை எங்கள் ஊரில் யாரும் இடிக்க மாட்டார்கள், அதனால் இந்தக் காளானுக்கும் அங்கே அடைக்கலம் கிடைத்திருக்கிறது.

கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிற ஒரு அப்பத்தாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “கொடையப் பாத்துப் புடுங்கக் கூடாது தம்பி, வேரப் பாக்கணும். வேரு புத்துக்குள்ள போகணும். போகலைன்னா அத ஆடுகூட மோந்துட்டு விட்டுரும், நீக தொடாதீக” என்றார். அப்பத்தாவுக்கு அது ஆயுள் முழுக்கப் பழகிய கண். நமக்கு அந்தக் கண் இல்லை. புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையும் மேலே பழுப்புச் செதிலுமாக ஒரு காளான் வரும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கிவிடும். குடையை வெட்டி, வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் தாளில் பச்சை நிறத்தில் தூள் படிந்திருக்கும். இந்தப் பச்சைத் தூள்தான் அடையாளம். வெள்ளிக்காசு கறுக்கிறதா, வெங்காயம் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற பரீட்சைகள் எதுவும் செல்லாது, அவற்றை நம்பி யாரும் சட்டியில் போட வேண்டாம். பார்க்க மட்டும் போங்கள். படம் எடுங்கள்.

எருக்குழியையும் விட்டுவிடாதீர்கள். மக்கிய சாணத்திலும் வைக்கோலிலும் குருவிக்கூட்டைப் போன்ற மிகச் சிறிய கிண்ணங்கள் முளைக்கும், உள்ளே கறுப்பு முட்டைகளோடு. மழைத்துளி ஒன்று சரியாகக் கிண்ணத்தில் விழுந்தால் முட்டை தெறித்துப் போய், வாலில் உள்ள பசைநூலால் புல்லில் சுற்றிக்கொள்ளும். மாடு அந்தப் புல்லைத் தின்னும். சாணத்தோடு வெளியே வந்து மறுபடி முளைக்கும்.

அப்புறம் கல்பாசி. செட்டிநாட்டு அடுக்களையில் ஒரு காளான் எப்போதும் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? எண்ணெயில் விழுந்ததும் புகைவாசம் எழுப்புகிற அந்தக் கருஞ்சுருள், ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற உயிர். பாசி வெயிலிலிருந்து உணவு செய்கிறது, பூஞ்சை அதற்கு வீடும் ஈரமும் தருகிறது. நாம் வாங்குவது மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலிருந்தும் பாறையிலிருந்தும் சேகரித்தது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் குழம்புக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போட எனக்கு மனம் வருவதில்லை. அதன் உறவினர்கள் எங்கள் ஊர் மாமரப் பட்டையிலும் உண்டு. சாம்பல் நிறத்திலும் வெளிர்பச்சையிலும் திட்டுத் திட்டாக, மரத்துக்கு நோய் என்று பலரும் சுரண்டிவிடுகிற அந்தப் படிவுகள்தான். மரத்துக்கு அவற்றால் கெடுதல் இல்லை, சுரண்ட வேண்டாம்.

இவ்வளவு உயிரும் இங்கே தங்கியிருப்பதற்கு ஒரு காரணம், பூட்டிக் கிடக்கும் வீடுகள். பின்கட்டைத் தாண்டிய தோட்டங்களில் வருஷம் பூராவும் ஆள் நடமாட்டம் இல்லை. தும்பையும் மூக்கிரட்டையும் கிணற்றடிப்பூண்டும் இஷ்டத்துக்குப் படர்கின்றன, பட்ட மரம் விழுந்த இடத்திலேயே மக்குகிறது, சுவர் பூசாமல் நிற்கிறது. உறவுகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போதுதான் சுத்தம் செய்கிற வேலை தொடங்கும். முன்பெல்லாம் மண்வெட்டியால் நடைபாதையை மட்டும் செதுக்குவார்கள். இப்போது ஒரே நாளில் ஜேசிபி உள்ளே வந்து மேல்மண்ணோடு வழித்துவிடுகிறது. மிச்சத்துக்குக் களைக்கொல்லி. அதற்கு மேல் பேவர் பிளாக். கல்யாணம் ஒரு வாரத்தில் முடிந்து வீட்டை மறுபடி பூட்டிவிடுவார்கள். வளை தோண்ட மண் கிடைக்காத தேனீ அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வருவதில்லை.

விசேஷம் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. வருகிற பிள்ளைகள் பாம்பு பயமில்லாமல் நடமாட வேண்டும், பந்தல் போட இடம் வேண்டும், எல்லாம் சரிதான். நான் கேட்பது, பந்தலுக்கு வேண்டிய இடத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள் என்பதுதான். மதிலை ஒட்டி இரண்டு முழம் அகலத்துக்குச் செடிகளை விட்டுவிடலாம். அதையும் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வைகாசியில் விதை உதிர்ந்த பிறகு அரிவாளால் அறுக்கலாம், வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. மாமரத்தடிச் சருகை எரிக்காமல் மூலையில் குவிக்கலாம். கண்மாய் தூர்வாருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். தூர்வாரத்தான் வேண்டும், தண்ணீர் நிற்காத கண்மாயில் பொடுதலையும் நிற்காது. ஆனால் ஒரே வருஷத்தில் கரை முழுவதையும் வழிக்காமல், ஒரு பக்கத்தை அடுத்த வருஷத்துக்கு விட்டுவைத்தால் அங்கிருந்து விதையும் பூச்சியும் மறுபக்கத்துக்குத் திரும்ப வரும். இது நடக்காத காரியம் அல்ல. எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கூடு கட்டிய பறவைகள் கலையக் கூடாது என்று பக்கத்துக் கொல்லுகுடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைக்காகத் தீபாவளி வெடியை விடுகிறவர்கள் இருக்கிற மண்ணில், தேனீக்காக இரண்டு முழம் விடச் சொல்வது பெரிய கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு மதிலும் மழையில் கரைந்திருக்கிறது, இந்த வருஷம் பார்த்தே ஆக வேண்டும். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, “மொத்தமா சிமென்ட் வச்சுப் பூசிரலாம்ணே, ஓட்டைய விட்டா பூச்சி பொட்டு அண்டும்” என்றார். ஓட்டைக்குள் போய் வருகிற நீலவரித் தேனீயைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார், அது அவரைச் சுற்றிவிட்டு உள்ளே போனது. “இது கொட்டாதா?” என்று இரண்டு தடவை கேட்டார். மழைத்தண்ணீர் தெறிக்கிற கீழ் இரண்டடிக்கு மட்டும் சிமென்ட், அதற்கு மேலே கல் பெயர்ந்த இடத்தில் மட்டும் மண்சாந்து, பூச்சு வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறோம். மண்சாந்து குழைக்கத் தெரிந்த ஆள் அவருடைய மாமனார்தானாம். அவரையும் கூட்டிக்கொண்டு ஆடி பதினெட்டுக்குப் பிறகு வேலையைத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.